பதினொரு ஹாரன்

வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கத்தில் ஒருவனைப் பாராட்ட வேண்டுமென்றால் அவனுடைய நாயைத்தான் பாராட்டுவார்கள். என்னை இதுவரை யாரும் பாராட்டியதில்லை. பெயர் வெர்லின் ஹாக்ஸ்டாட். முப்பத்தொரு வருடமாகப் பண்ணை வீடுகளுக்கு எரிவாயு லாரி ஓட்டுகிறேன். எனக்குத் தெரியாத விஷயம் எதுவுமே கிடையாது என்பது என் எண்ணம். என் மனைவி மார்லிஸிடம் இதற்கு வேறு கணக்கு உண்டு.

போன வருடம் வசந்தத்தில் ஒரு மஞ்சள் லாப்ரடார் பெட்டைக்குட்டி வாங்கினேன். லெஃப்சா என்று பெயர் வைத்தோம். கிறிஸ்துமஸுக்கு மார்லிஸ் சுடும் உருளைக்கிழங்கு ரொட்டியின் நிறம் அவளுக்கு. சுட்டு வீழ்த்திய வாத்தை நீரில் நீந்திப்போய் எடுத்து வருவது அவள் குலத்தொழில். அதை நானே பழக்கிவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். போதாததற்கு ஃபார்கோவில் இருக்கும் என் மகன் டிரிக்வேயிடமும் தொலைபேசியில் பீற்றிக்கொண்டேன். அவன் என்னோடு வேட்டைக்கு வந்து பதினேழு வருடமாகிறது. "சரிப்பா, அடுத்த வருஷம் வாத்து வேட்டை சீசன் தொடங்கற அன்னிக்கு வந்து பாக்கிறேன்" என்றான். ரிசீவரை வைத்துவிட்டுச் சமையலறையில் ஒரு சுற்று ஆடினேன். அவன் வருவதே நாயைப் பார்க்கத்தான். நாய் சொதப்பினால் மறுபடி வர அவனுக்கு வேறு காரணம் இல்லை.

இந்த வருடம் ஜூன் மாதத்தில் எல்லாவற்றையும் கெடுத்தேன். கழுத்துப்பட்டையில் சின்னப் பெட்டி, என் கையில் ரிமோட். பொத்தானை அழுத்தினால் சுருக்கென்று மின்சாரம் குத்தும். எங்கள் ஆட்கள் பலரும் பயன்படுத்துவதுதான், பார்த்துப் பயன்படுத்துவார்கள். வாத்துக்குப் பதிலாகப் பழக்க வைத்திருந்த ரப்பர் டம்மியை நான் குட்டைக்குள் எறிந்தேன். அவள் கரையில் நின்று என்னையே பார்த்தாள். பிடிவாதம் என்று தீர்ப்பு எழுதி அழுத்தினேன். கத்திக்கொண்டு திரும்பி வந்தாள். திரும்பி வந்ததற்காக மறுபடி அழுத்தினேன். நான்கு தடவை. வெயில் அவள் கண்ணில் அடித்ததும், டம்மி விழுந்ததை அவள் பார்க்கவே இல்லை என்பதும் வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து லெஃப்சா தண்ணீரில் கால் வைக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றால் கிண்ணத்தில் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டாள்.

வேறு வழியில்லாமல் ஜோலீன் ட்வைட்டிடம் போனேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், என்னைவிட இருபது வயது சின்னவள். சனிக்கிழமைகளில் அவள் மேய்ச்சல் நிலத்தில் நாலைந்து பேர் நாய்களைப் பழக்குவார்கள். நாற்பது பிள்ளைகள் பின்னால் கூத்தடித்தாலும் அவள் திரும்பமாட்டாள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான், பேருந்து அடங்கிவிடும். நான் ஒப்புவித்த கதையைக் கேட்டுவிட்டு, என் ரிமோட்டை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். உட்கார், நில், வா, இவை மூன்றை மட்டும் வாயால் சொல்லி நடக்கச் சொன்னாள்.

நடந்தேன். லெஃப்சா கொஞ்சம் மெதுவாக உட்கார்ந்தாள். வேலியோரம் பூட்டி நிறுத்தியிருந்த என் பிக்கப் வண்டி ஒரு ஹாரன் அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். வண்டியருகே யாரும் இல்லை. லெஃப்சாவும் திரும்பினாள். மறுபடி ஹாரன். வான்கோழிப் பண்ணை டுவேன் தொப்பியைத் தூக்கிக்கொண்டு, "வெர்லின், உன் வண்டிக்கு வயித்து வலியாய்யா?" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. எலி கம்பியைக் கடித்திருக்கும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். சொன்னேனே, எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

ஜோலீன் வண்டியைப் பார்க்கவில்லை. என் கை நுழைந்திருந்த காற்சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சுற்று முழுக்க நடக்கவிட்டு அப்புறம்தான் பேசினாள்.

"கைய வெளிய எடுங்க வெர்லின்."

எடுத்தேன். வண்டிச் சாவி. என் கட்டைவிரல் அதன் பூட்டும் பொத்தான்மேல் இருந்தது; அதை அழுத்தினால் வண்டி ஒரு ஹாரன் அடிக்கும். ரிமோட் போன துக்கத்தில் விரல் கிடைத்ததை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கே தெரியாது.

"பதினோரு ஹாரன். அதுல எத்தன தடவ நீங்க என்ன கேக்கறீங்கன்னு அவளுக்குப் புரிஞ்சிருக்கும்?"

யோசித்தேன். ஒரு தடவை முள்செடிமேல் உட்காரத் தயங்கினாள். ஒரு தடவை நான் "வா" என்றும் "நில்" என்றும் ஒரே மூச்சில் சொன்னேன். மிச்சத்தில் பாதி, ஹாரன் சத்தம் கேட்டு அவள் திரும்பியதற்காக நான் அடித்த ஹாரன். ஒன்றுகூடத் தேறவில்லை. சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் லெஃப்சாவைப் பார்த்தேன். அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது.

சாப்பாட்டு மேசையில் இதை வேடிக்கையாக மார்லிஸிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. உருளைக்கிழங்கை என் தட்டில் வைத்துவிட்டு, "ஹாக்கி ஆட்டத்துல கண்ணாடித் தடுப்பத் தட்டுவியே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹாக்கி, களத்தைச் சுற்றிக் கண்ணாடி. டிரிக்வே வட்டைத் தவறவிட்ட ஒவ்வொரு தடவையும் அதை உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவேன். ஊக்கப்படுத்துகிறேன் என்று பெயர். பதினாலு வயதில் முட்டி வலி என்று சொல்லி ஆட்டத்தை விட்டான். அந்த இலையுதிர் காலமே வேட்டையையும் விட்டான். மருத்துவர் முட்டியில் ஒன்றும் இல்லை என்றார். நான் அந்த மருத்துவரைத் திட்டினேன்.

மறுநாளே மின்சாரப் பட்டையைப் பரணில் எறிந்துவிட்டு நல்லவனாகிவிட்டேன். நான் நல்லவனானால் அதற்கும் ஒரு அளவு கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில், ஓட்டை விழுந்த ரப்பர் நீர்க்காற்சட்டையோடு உட்கார்ந்து, பாலாடைக்கட்டி காட்டிக் கூப்பிட்டேன். ஜோலீனின் கிழ நாய் முன்னே நீந்த, மூன்றாவது வாரம் லெஃப்சா தண்ணீரில் இறங்கினாள். அழுதுவிட்டேன். அதற்கப்புறம் அவள் என்ன செய்தாலும் சரிதான். டம்மியைக் கரையில் போட்டுவிட்டு ஓடுவாள், நான் "பரவால்ல கண்ணு" என்பேன். டுவேனின் மதியச் சாப்பாட்டைத் தின்றாள், அதற்கும் பரவாயில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஜோலீனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அன்னிக்கு அவளுக்குப் புரியல, அழுத்துனீங்க. இன்னிக்கு அவளுக்கு நல்லாவே தெரியும், விட்டுடறீங்க. ரெண்டுமே உங்க மனசு சமாதானத்துக்குத்தான். அவளுக்குன்னு எப்பதான் செய்யப்போறீங்க?"

 அவள் செய்து காட்டினாள். ஒரு தடவை சொல்வது. பொறுப்பது. தெரிந்தும் செய்யாவிட்டால் சாதாரணக் கழுத்துப்பட்டைக்குள் ஒரு விரலை விட்டு லேசாக ஒரு இழுப்பு. செய்த நொடியே விரலை எடுத்துவிடுவது. கடைசியில் சொன்னதுதான் எனக்கு வரவே இல்லை. நாய் செய்து முடித்த பிறகும் நான் இன்னும் இழுத்துக்கொண்டே நின்றேன்.

சீசன் தொடங்கிய காலை டிரிக்வே வந்தான். தாடி வைத்திருந்தான், அது அவனுக்கு நன்றாக இருந்தது. அவன் காரிலேயே போனோம். என் சாவியை மார்லிஸிடம் கொடுத்துவிட்டேன். முதல் வாத்தை நான் சுட்டேன். நாணலுக்கு அப்பால் விழுந்தது. லெஃப்சா கரையில் நின்று என்னைப் பார்த்தாள்.  கையைத் தூக்கி ஒரு தடவை அனுப்பினேன். போய்விட்டாள். நேராக நீந்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்தவள் எனக்கு நாலடி முன்னால் வாத்தைப் போட்டுவிட்டு, உடலை உதறி, டிரிக்வேயின் ரொட்டிப் பையை மோப்பம் பிடித்தாள்.

"பிடி" என்றேன். பொறுத்தேன். அவள் பையை விடவில்லை. எழுந்துபோய்ப் பட்டைக்குள் ஒரு விரல் விட்டேன், லேசாக ஒரு இழுப்பு. வாத்தைக் கவ்வினாள். விரலை எடுத்தேன். என் கையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஈரத் தலையை என் தொடையில் சாய்த்துக்கொண்டாள்.

டிரிக்வே பார்த்துக்கொண்டே இருந்தான். "ஒரே ஒரு தடவதான் சொன்னீங்க" என்றான், நம்பாதவன் மாதிரி.

ஹாரன் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். காபி மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"அந்தக் கண்ணாடி தட்டற சத்தம் எனக்கு இன்னும் கேக்கும்ப்பா. ஆபீஸ்ல ஏதாவது தப்புப் பண்ணிட்டா இப்பவும் கேக்கும்."

என்னிடம் ஏழெட்டுச் சமாதானம் தயாராக இருந்தது. உன் நல்லதுக்குத்தான், எல்லா அப்பாக்களும் தட்டினார்கள், அந்தக் கண்ணாடி ரொம்ப மெல்லிசு. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"உன் முட்டில வலி இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்டா. தப்பு என்மேலதான்."

அவன் துப்பாக்கியில் தோட்டா போட்டான். குட்டைக்கு மேலே இரண்டு வாத்துகள் தாழ்வாக வந்தன. எழுந்து சுட்டான். நல்ல அருமையான வாய்ப்பு, குருடன்கூடத் தவறவிடமாட்டான். தவறவிட்டான். துப்பாக்கியை இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை ஜூன் மாதம் குட்டைக் கரையில் பார்த்திருக்கிறேன்.

என் உள்ளங்கை நாயின் முதுகில் இருந்தது. அதை அங்கேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவனுக்கு இன்னொரு கோப்பை காபி ஊற்றினேன்.