விளம்பரத்தின் கடைசி வரி

பல ஆண்டுகள் செய்தித்தாளில் பிழை திருத்தியபின், உச்சிப்புளிக்குத் தெற்கே ஒரு கடலோர விடுதிக்கு அறிவிப்புகள் எழுதிக்கொடுத்தேன். விடுதியில் அலைச்சறுக்குப் பள்ளி உண்டு. முதலாளி மதுரைக்காரர். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்த பழைய சறுக்குப்பலகை விளம்பரங்களை வாங்கி, சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார். உள்ளே கூடான மரப்பலகை, நடுவில் கீல் வைத்து மடக்கும் பலகை. பாதிக்கு மேல் கடலில் தோற்றவை. விளம்பரத்தில் எல்லாமே பறந்தன.

ஒன்றில் இடப்பக்கம் நீண்டு வலப்பக்கம் குட்டையான பலகை. ஒரு பெண் அதை ஒற்றைக் கையில் இடுக்கிக்கொண்டு சிரிக்கிறாள்.

தேவிபட்டினத்திலிருந்து ஃபைபர் படகு பழுதுபார்க்க ஒருவர் வருவார். துபாய்ப் பட்டறையில் தொழில் பழகியவர். எல்லோருக்கும் அவர் பாய். முதலாளி அவரிடம் விளையாட்டாகச் சொன்னார்: "இந்த மாதிரி ஒண்ணு செஞ்சு அலையில ஓட்டிக் காட்டுங்க பாய். ஸ்கூலுக்கு வேணுங்கிற பலகை பூரா உங்ககிட்டதான்."

பாய்க்கு அது விளையாட்டல்ல. மறுபடி துபாய் போகாமல் மனைவி பிள்ளைகளோடு இருக்க வேறு வழி இல்லை. படத்தை டேப் வைத்து அளந்து தாளில் வரைந்துகொண்டார். அடியில் பொடி எழுத்தில் இருந்த ஆங்கில வரியைக் காட்டி, "இது என்ன சார் போட்ருக்கு?" என்றார்.

சாப்பாட்டு நேரம். என் மூக்குக்கண்ணாடி அறையில் மேசைமேல் இருந்தது. எடுத்துவரப் போகவில்லை.

"கம்பெனி அட்ரஸ் பாய்."

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் தென்கடல் அலை எழுப்பிய மாதத்தில் பலகை வந்தது. வடிவம் அச்சு அசல். இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. படகைக் கரைக்கு இழுக்கும்போது மணலும் பாறையும் அடியைத் தேய்க்கும். அதனால் இந்தக் கரையில் அடிப்பக்கம் மட்டும் கூடுதலாக ஃபைபர் துணி ஒட்டுவார்கள். கை பழகியபடி பாயும் ஒட்டியிருந்தார்.

பள்ளியின் பயிற்சியாளர் அதில் படுத்துக் கையாலேயே துடுப்பு வலித்தார். முதல் அலை பலகையை விட்டுவிட்டுப் போனது. இரண்டாவதும் போனது.

"ஏலே, நங்கூரத்துக்கு எதுக்குலே பெயிண்டு?" என்றான் கரையில் நின்ற மீனவன் ஒருவன்.

"பாய், இங்கனயே கட்டிப் போடுங்க. திமிங்கலம் வந்தாலும் இழுக்காது," என்றான் இன்னொருவன். முதலாளிதான் அதிகம் சிரித்தார்.

பாய் என்னிடம் வந்தார். "வெயிட்டு எம்புட்டுன்னு அதுல போட்ருக்கலாம்ல சார்?"

போட்டிருந்தது. அன்று காலைதான் கண்ணாடியோடு படித்திருந்தேன்: அடியில் ஒரே ஒரு சுற்று ஃபைபர் துணி, சிறு பிள்ளையும் தூக்கும் எடை.

"விளம்பரத்துல அதையெல்லாம் யாரு பாய் போடுவா?" என்றேன்.

பலகையை முதலாளி இனாம்போல எடுத்துக்கொண்டார். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கி, அந்த விளம்பரத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கீழே அட்டை எழுதியது நான்: 'அக்காலச் சோதனைப் பலகை. செய்தவர் தெரியவில்லை.' வந்தவர்கள் அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்டார்கள்.

துபாய் விசா வந்ததும் பாய் சொல்லிக்கொண்டு போக வந்தார். அட்டையைப் படித்தார். பிறகு ஃபோனை எடுத்து விளம்பரத்தின் கடைசி வரிக்கு மேல் பிடித்தார். இப்போது ஃபோனே மொழிபெயர்த்துவிடுகிறது. திரையில் வந்த தமிழை உதடசைய இரண்டு தடவை படித்தார்.

"அட்ரஸுன்னு சொன்னீகளே சார்."

"ராமநாதபுரம் பஸ் வர்ற நேரம் பாய்," என்றேன்.