கண்ணாடியில் சுரண்டியது

போன வாரம் இடுப்பு வலி என்று எக்ஸ்ரே எடுக்கப் போனேன். ஈரம் சொட்டச் சொட்ட என் முதுகெலும்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார் டாக்டர். முற்றிய முருங்கைக்காய் மாதிரி இருந்தது. அவர் சொன்னது காதில் விழவில்லை. படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் நெடி! அந்த நெடி என்னைப் பிடரியில் பிடித்துக் கீழராஜ வீதியின் பழைய ஸ்டூடியோ இருட்டறைக்குள் தள்ளிவிட்டது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மார்கழி பிறந்தால் முதலாளியும் நானும் பொங்கல் வாழ்த்து அட்டை போடுவோம். அந்தக் காலத்தில் நெகட்டிவ் என்பது கண்ணாடித் தகடுதான்; அந்தப் படக் கண்ணாடியில் கறுப்பு மையால் எழுத்தை இடவலமாகத் திருப்பி எழுதினால், அட்டையில் வெள்ளையாக, நேராக விழும். முதல் வருஷம் நேராகவே எழுதி, முகக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய ஐம்பது அட்டைகளைப் போட்ட மேதை நான். பிறகு கை தேர்ந்துவிட்டது. அதுதான் வினை.

ரங்கூனில் குண்டு விழுந்த மார்கழி அது. அட்டைக்கு ஒரு முகம் தேடினோம். ஐப்பசியில் நார்த்தாமலையிலிருந்து செல்லாயி என்ற பெண் மாமியாரோடு வந்து, ரங்கூனில் இருந்த புருஷனுக்கு அனுப்ப ஒரே ஒரு படம் எடுத்துப் போயிருந்தாள். அவன் பார்க்கட்டும் என்று மாமியாரே தன் கையால் தாலியைச் சேலைக்கு வெளியே எடுத்துவிட்டிருந்தார்.

“லெச்சணமான மூஞ்சி அப்பு. ஆலங்குடிச் சந்தையில அள்ளிக்கிட்டுப் போவான் பாரு,” என்றார் முதலாளி.

“கேக்க வேணாமுங்களா?”

“சூரியனக் கேட்டுட்டா பொங்க வைக்கிறே?”

சிரித்தேன்.

எழுத்து அவள் நெஞ்சின் மேல் வந்தது. கறுத்த சேலை, நடுவே தாலி மட்டும் பளிச்சென்று எழுத்தைக் குழப்பியது. சவர பிளேடால் கண்ணாடியில் அந்த இடத்தைச் சுரண்டினேன். அட்டையில் அந்த இடம் கறுத்துச் சேலையோடு சேர்ந்துவிடும். நகக்கண் அளவு வேலை. எழுத்து எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா உங்களுக்கு!

தை முடிவதற்குள் செல்லாயி தனியாக வந்தாள். உறவுக்காரர் யாரோ அவள் வீட்டுக்கே அந்த அட்டையை அனுப்பியிருக்கிறார். முதலாளி கடையில் இல்லை.

“இது நாந்தானேங்க?”

“ஆமாங்க.”

“தாலி எங்கங்க?”

முகத்தைப் போட்டதற்குச் சண்டை பிடித்தால் சொல்லப் பதில் வைத்திருந்தேன். அவள் கேட்டது தாலியை.

“ரெண்டு மாசமா அங்கிட்டிருந்து கடுதாசி இல்லீங்க. மாமியா இதப் பாத்துட்டு அடுப்பே பத்தவைக்கல. தாலியோட ஒண்ணு போட்டுக் குடுங்க, காட்டிப்புடுறேன்.”

இருந்தது அந்த ஒரே கண்ணாடி. சுரண்டிவிட்டேன் என்பது நாக்கு வரை வந்தது.

“சில சமயம் படத்துல விழாதுங்க,” என்றேன்.

“தானாவா?”

“தானாத்தாங்க.”

அட்டையை மடியில் செருகிக்கொண்டாள். “அப்ப படம் புடிக்கிற மிசினுக்குத் தெரிஞ்சிருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாசியில் மனசு கேட்காமல், உண்மையைச் சொல்லிவிட நார்த்தாமலைக்குப் போனேன். வீட்டில் யாரும் இல்லை.

“ரங்கூன்காரனுக்குக் காரியம் பண்ணிட்டாக. மருமகள அவ ஆத்தா வீட்டுக்கு அனுப்பிட்டாக,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“தகவல் வந்துச்சுங்களா?”

“தகவல் எதுக்கு? படத்துலயே தாலி இல்லையாமுல்ல.”

ஆத்தா வீடு எந்த ஊர் என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் பஸ் ஏறினேன்.

அந்தச் சித்திரையில் பர்மாக் காடு கடந்து, கால் புண்ணோடு எத்தனையோ பேர் ஊர் சேர்ந்தார்கள். அவன் வந்தானா, தெரியாது. யுத்தத்தில் கண்ணாடிக்குக் கிராக்கி வந்ததும் முதலாளி பழைய படக் கண்ணாடிகளை வெந்நீரில் கழுவிச் சட்டம் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஸ்டூடியோ போயிற்று. அவரும் போனார். தாலி மறைந்தது பிளேடு செய்த வேலை என்று அறிந்தவன் இனி நான் ஒருவன்தான். அதையும் உங்களிடம் சொல்கிறேன், அவளிடம் சொல்லவில்லை.