கீழ்வீட்டுப் பருப்பு

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் Ausbildung என்ற தொழிற்பயிற்சி செய்த காலத்தில் நான் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தேன். கடையில் கிடைத்தவற்றிலேயே மலிவானது மண்ணிறப் பருப்பு. உப்புத் தண்ணீரில் அவித்து, மருந்து விழுங்குவதுபோல விழுங்குவேன். பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போகும்.

ஒரு ஞாயிறு மதியம், குசினிச் சுவரில் இருந்த காற்றுத் துவாரம் வழியாக கீழ்வீட்டிலிருந்து ஒரு மணம் ஏறி வந்தது; அந்த வீட்டுக் கதவில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. வெங்காயம் மெல்லிய நெருப்பில் நெடுநேரம் வதங்கும் மணம். பிறகு கரட், உலர்ந்த இலை ஏதோ ஒன்று, கடைசியில் பருப்பு. என் பருப்பேதான், ஆனால் வாயூறியது.

அடுத்த ஞாயிறும் வந்தது. இந்த முறை மணம் போன போக்கிலேயே நானும் சமைத்தேன். கீழே வெங்காயம் சிவக்கும்வரை நானும் கிளறினேன். கீழே பருப்பு விழுந்ததும் இங்கேயும் போட்டேன். வாரத்துக்கு வாரம் ருசி கூடியது. ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

அப்படியொரு ஞாயிறு, எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினா.

"என்ன பிள்ளை, நல்லா மணக்குது?"

"கீழ்வீட்டு மனிசியிட்டப் பழகினது அக்கா. அவ சமைக்கிற மணத்தை வச்சு."

அக்காவின் முகம் மாறியது. "எந்த மனிசி? அவ எப்பவோ செத்துப்போனாவே. வீடு சும்மாவெல்லே கிடக்குது."

"இல்லை அக்கா, இப்பவும் மணக்குது. இஞ்ச வந்து பாருங்கோ."

துவாரத்தருகே வந்து மூச்சை இழுத்தா. கீழ்வீட்டு யன்னலைத் திறந்துவிடுவதற்காக வீட்டுக்காரர் கொடுத்த சாவி அவவிடம் இருந்தது; போய் எடுத்து வந்தா. நான் அடுப்பை நிறுத்தினேன். இருவரும் இறங்கினோம்.

குசினியில் அடுப்பே இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. தண்ணீர்க் குழாய்களின் வாயை அடைத்திருந்தார்கள். ஆனால் யன்னல் கண்ணாடி முழுக்க உள்பக்கமாக ஆவி படிந்து, துளித்துளியாக வழிந்துகொண்டிருந்தது.

"வாரும், போவம்" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தா.

மேலே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் பானையைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். புளிப்பு. அளவாக, வினாகிரியின் புளிப்பு. அதுதான் இத்தனை நாளும் குறைந்தது. என்னிடம் இருந்த ஒரே வினாகிரிப் போத்தல், சுடுதண்ணீர்க் கேத்திலைக் கழுவ வாங்கியது, தொட்டிக்கு அடியில் மூடி திறக்கப்படாமலே கிடந்தது.

"அக்கா, நீங்கள் ஏதும் விட்டனீங்களோ?"

"நான் உம்மோடயெல்லே நிண்டனான். அதைச் சாப்பிடாதையும் பிள்ளை, கொட்டும்!"

ஆனால் கொட்ட மனம் வரவில்லை. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பானை காலியாகும்வரை சாப்பிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு ருசியான பருப்பை நான் தின்றதில்லை.

அதற்குப் பிறகு அந்தத் துவாரத்தில் குளிர்காற்று மட்டுமே வந்தது. சில ஞாயிறுகள் வெங்காயத்தை வெட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பிறகு நானாகவே அடுப்பை மூட்டினேன்.