முதுகில் சாய்ந்த தலை

சென்ற ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காலாப்பட்டில் என் தங்கை குழந்தைக்குக் காதுகுத்து. புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து நானும் பிளஸ் ஒன் படிக்கும் என் மகளும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். பாவாடை தாவணி கட்டியிருந்ததால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். தலையில் வைத்த பூ நசுங்கிவிடும், ஹெல்மெட் வேண்டாம் என்றாள். நானும் சரி என்றுவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எழுப்ப எழுப்ப எழுந்திருக்காமல் தாமதம் பண்ணிவிட்டாளே என்ற எரிச்சலில், வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினேன். பின்னாலிருந்து சத்தமே இல்லை. திமிரைப் பார் என்று இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டினேன். ஈ.சி.ஆர். ரோடு ஏறிய கொஞ்ச நேரத்தில் மெல்ல என் முதுகில் சாய்ந்தாள். வளர்ந்த பிறகு அவள் அப்படிச் சாய்ந்ததே இல்லை. கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்து எனக்கு மனசு இளகிவிட்டது.

அப்போதுதான் பக்கத்தில் பைக்கில் வந்தவர் கத்தினார்.

"யக்கா, பொண்ணு தூங்குது! சரியுது! சடன் பிரேக் போட்டுடாத!"

அவள் சரிந்தது வலப்பக்கம். பின்னால் சென்னை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இடது கையைப் பின்னால் விட்டு, கைக்குக் கிடைத்த தாவணியை இறுக்கிப் பிடித்தேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன், அசையவில்லை. பைக்கில் வந்தவர் எங்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து, கையை ஆட்டி ஆட்டி பஸ்ஸை ஒதுக்கினார். ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி தானாக வேகம் குறைந்து ஓரத்தில் நிற்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"வந்துட்டமாம்மா?" என்று கண்ணைத் திறந்தாள்.

நடந்தது எதுவுமே அவளுக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டே தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"நாலு மணிக்குத்தாம்மா படுத்தேன். தெனம் அப்டித்தான். போனை கீழ வெச்சாலும் தூக்கம் வரமாட்டேங்குது" என்றாள்.

ஒரு மாதமாகத் தலைவலி, கழுத்து வலி என்றவளுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, பாவம், படிப்புச் சுமை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது ராத்திரி ஒன்பதரைக்கு அவள் போனும் என் போனும் பீரோவுக்குள் போய்விடுகின்றன. முதல் வாரம் வீட்டில் ஒரே சண்டைதான். போனில் யாரிடம் பேசுகிறாள், என்ன பார்க்கிறாள் என்று திருட்டுத்தனமாகச் சோதித்த நான், பக்கத்து அறையில் பிள்ளை தூங்குகிறாளா என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அன்று அவளை அந்த ரோட்டில் பறிகொடுத்திருந்தால் யாரைக் குறை சொல்லியிருப்பேன்?