ஒன்றரைப் புருவமும் ஒரு டீசல் அடுப்பும்

பழைய டீசல் ஹீட்டரைப் பராமரிக்கிறவன் எவ்வளவு சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுக் கலியாண வீட்டுக்குப் போனாலும் காதுமடலில் கரி இருக்கும், பந்தியில் பக்கத்தில் இருப்பவர் ஒரு கதிரை தள்ளித்தான் இருப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் இத்தாலியில் பாலெர்மோவின் பழைய துறைமுகத்தில் ஒரு மரப் படகில் வேலை பார்த்தேன். கணவர் இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டுப் படகிலேயே குடியிருந்த ஒரு சிஞ்ஞோராவுக்கு, அதாவது ஓர் இத்தாலிய அம்மாவுக்கு, சமையல், துப்புரவு, கடைக்குப் போவது எல்லாம் நான்தான். எழுபது வயது தாண்டியவர். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். நான் வேலை செய்த இடங்களில் என்னோடு 'நீங்கள்' என்று கதைத்த ஒரே ஆள் அவர். அவர் இத்தாலியனில் சொன்னதை எங்களுடைய தமிழில் தருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படகின் அறைக்குள் ஓர் இரும்பு அடுப்பு இருந்தது. சின்னத் தாங்கியிலிருந்து டீசல் சொட்டுச் சொட்டாக அதன் சட்டிக்குள் இறங்கி எரியும். புகை குழாய் வழியாக மேல்தட்டுக்குப் போகும். போக வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். பாலெர்மோவிலும் குளிரா என்று கேட்பவர்கள் மாசி மாதத்தில் தண்ணீருக்கு மேல் ஒரு நாள் படுத்துப் பார்க்கட்டும். அடுப்பு நின்றால் சிஞ்ஞோரா பகேரியாவில் இருக்கும் மகள் பிராங்கா வீட்டுக்குப் போக வேண்டும். படகு விலைப்படும். என் வேலை போகும். வேலைப் பத்திரம் இல்லாமல் பங்குனியில் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலில் வரிசையில் நின்ற உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சிக்கனக்காரன்

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவனுக்கு மண்ணெண்ணெய் மருந்து மாதிரி. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் விட்டு, நுனி விரலளவு திரியில் வெளிச்சம் கண்டவர்கள் நாங்கள். அடுப்பின் வால்வில் ஒன்றிலிருந்து ஆறு வரை இலக்கம் இருந்தது. நான் ஒன்றிலேயே வைத்து ஓட்டினேன். சிஞ்ஞோராவின் டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று எனக்குள்ளே பெரிய பெருமை வேறு.

பத்தாம் நாள் மேல்தட்டில் காயப்போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பெல்லாம் கரும்புள்ளி. சிஞ்ஞோரா மூக்கைத் துடைத்தார், கைக்குட்டையும் கறுப்பு. குழாயைக் கழற்றினால் உள்ளே ஒரு விரல் தடிப்பில் கரி. டீசலைக் குறைய விட்டால் சட்டி போதிய சூடேறாது, பாதி எரிந்தும் எரியாமலும் கரியாகத்தான் படியும். இது எனக்குத் தெரியாது. ஏன் ஒன்றில் வைத்தீர்கள் என்று கேட்டார். ஊர்க் கதையை உள்ளபடி சொன்னேன். அவர் எழுந்து போய்த் தன் கையாலேயே வால்வை நாலுக்குத் திருப்பினார். எனக்கு அழுகை வந்தது, கரியைச் சாட்டிக் கண்ணைத் துடைத்தேன்.

“சிஞ்ஞோர் சிவா, இந்தப் படகிலை நீங்களும் பட்டினி கிடக்கக் கூடாது, அடுப்பும் கிடக்கக் கூடாது.”

அன்ரனின் போத்தல்

அடுத்த மாதம் அடுப்பு இருமத் தொடங்கியது. சுவாலை எழும்பும், படபடக்கும், செத்துப்போகும். மூன்று நாள் மல்லுக்கட்டினேன். குழாய் துடைத்தேன், டீசல் வரும் துவாரத்தைக் கம்பியால் குத்தினேன், சட்டியைச் சுரண்டினேன். சிஞ்ஞோரா மூன்று நாளும் மேலங்கியோடு புத்தகம் வாசித்தார். ஒரு சொல் முறைப்பாடு இல்லை. அதுதான் என்னை வதைத்தது.

கடைசியில் அன்ரனைக் கூப்பிட்டேன். மன்னார்க் கடலில் தொழில் செய்த பொடியன், அப்போது கபோ சந்தைக்குள் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வந்தவர் அடுப்பைத் தொடவே இல்லை. தாங்கியின் அடியிலிருந்து ஒரு போத்தல் டீசல் பிடித்து மேசையில் வைத்துவிட்டுக் கோப்பி கேட்டார். கோப்பி குடித்து முடியும்போது போத்தலின் அடியில் மூன்று விரற்கடைக்குத் தண்ணீர் தெளிந்து நின்றது. மேல்தட்டில் டீசல் ஊற்றும் மூடியின் ரப்பர் வெடித்து மழைத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. எனக்குக் கம்பியும் சுரண்டியும் எடுக்கத் தெரிந்தது, ஒரு போத்தலை வைத்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியவில்லை. அந்த மனுசனுடைய கையைப் பிடித்துக் கும்பிடலாம் போலிருந்தது.

“அண்ணை, நீங்கள் தண்ணியைப் பருக்கிப்போட்டு, எரியேல்லை எண்டு அதுக்கு அடிச்சிருக்கிறியள்.”

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு

பிராங்கா ஞாயிற்றுக்கிழமைகளில் பகேரியாவிலிருந்து ரயிலில் வருவார். கெட்டவர் இல்லை. தாய் தனியாக ஒரு மரப்பெட்டிக்குள் நெருப்போடு படுக்கிறாள் என்ற பயம் அவருக்கு. என் தாய் என்றால் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஒரு ஞாயிறு அவர் வருகிற நேரம் பார்த்து அடுப்பு அணைந்துவிட்டது. அணைந்த அடுப்பு ஆறும்வரை காத்திருந்து, சட்டியில் தேங்கிய டீசலைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். சுடுசட்டியில் தேங்கினால் அது ஆவியாகி நிற்கும். எல்லாம் தெரிந்தும், கரையில் பிராங்காவின் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டேன். 'தும்' என்று ஒரு சத்தம். அடுப்பின் மூடி மேலெழும்பி விழுந்தது. என் இடது புருவத்தில் பாதி அந்த இடத்திலேயே முடிந்தது. படியில் நின்ற பிராங்கா முழுவதையும் பார்த்துவிட்டார். சிஞ்ஞோரா என் முகத்தில் ஈரத்துணியை வைத்தபடி, அது ஒன்றுமில்லை என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் சத்தம் போடாமல் ஆறுதலாகத்தான் பதில் சொன்னார்.

“அம்மா, இன்னும் ஒரேயொரு தரம் இதுக்குள்ளை புகை வந்தால், அண்டைக்கே என்னோடை வாறியள்.”

தக்காளித் தகரம்

இரண்டு கிழமை கழித்து, பிராங்கா வருகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வடகாற்று அடித்தது, மழையும் சேர்ந்து. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் உள்ளே போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் புகைக்குழாயின் மூடி பறந்து கடலுக்குள் போய்விட்டது. மூடியில்லாத குழாய்க்குள் காற்று இறங்கினால் புகை முழுவதும் அறைக்குள். அணைத்தால் குளிர், அணைக்காவிட்டால் புகை, இரண்டிலும் பகேரியாதான்.

அன்ரன் கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய தக்காளித் தகரம் ஒன்று மேல்தட்டில் கிடந்தது. அதை வெட்டி விரித்து, காற்று வரும் பக்கம் மறைப்பாகக் குழாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குந்தினேன். காற்று திரும்பத் திரும்ப நானும் திரும்பினேன். முதுகில் மழை, கையில் சூடு, வாயில் பிள்ளையாரும் பாலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவும் ஒரே மூச்சில். சிவா எங்கே என்று பிராங்கா கேட்டதும், மேலே ஒரு வேலையாக இருக்கிறார் என்று சிஞ்ஞோரா சொன்னதும் குழாய் வழியாகவே எனக்குக் கேட்டது. பிறகு, என்ன இதமான சூடு என்று பிராங்கா சொன்னதும் கேட்டது. மேலங்கியைக் கழற்றிவிட்டுச் சாய்ந்த இடத்திலேயே நித்திரையாகிவிட்டார் என்று சிஞ்ஞோரா பிறகு சொன்னார்.

இரண்டு மணித்தியாலம் கழித்து அவர் புறப்பட்டு மேலே வந்தபோது நான் தகரமும் கையுமாக அப்படியே குந்தியிருந்தேன். விரல்கள் விறைத்துப்போய் விட முடியவில்லை. கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் குழாயைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், வளராத புருவத்தைப் பார்த்தார். பின்னாலேயே வந்த தாயிடம் திரும்பினார்.

“அம்மா, புது மூடி நான் வாங்கியாறன், நீங்கள் முதல்லை இந்த மனுசனுக்கு ஒரு சோடிக் கையுறை வாங்கிக் குடுங்கோ.”

அந்தப் பங்குனியில் எனக்குக் கிடைத்த பெர்மெஸ்ஸோவில் ஒட்டியிருக்கும் படத்தில் ஒன்றரைப் புருவம்தான் இருக்கிறது, தொழில் என்ற இடத்தில் மட்டும் அடுப்புக்காரன் என்று போடாமல் வீட்டு வேலை என்று பிழையாகப் போட்டிருக்கிறார்கள்.