குரங்கு பிடுங்கிக்கொண்டு போன விசில்

எங்கள் வீட்டுக் கூடத்தில், முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் ஒரு விசில் தொங்குகிறது. எவர்சில்வர் விசில். அதன் பச்சைக் கயிறு வெளுத்துப்போய் இப்போது என்ன நிறமென்று சொல்ல முடியாது. வாய் வைக்கும் இடத்தில் பல் பட்டுத் தேய்ந்த தடம் இருக்கிறது. போகிக்கு வீட்டைக் கழுவும்போது என் மனைவி அதையும் துடைத்து அதே ஆணியில் மாட்டிவிடுவாள். ஊதிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது ஆசையாகக் கையை நீட்டினால், "அது கொரங்கு புடுங்கிகினு போன விசிலு, வுட்டுடுங்க" என்பேன். குரங்கு கொண்டுபோனது இங்கே எப்படித் தொங்குகிறது என்று அவர்கள் விழிப்பார்கள். எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அந்தக் கதையில் பாதி எனக்கே போன மாதம்தான் தெரியவந்தது என்பதுதான்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் பேருந்தைப் பல வருடம் ஓட்டியவன் நான். விசிலுக்குச் சொந்தக்காரர் என் கண்டக்டர். எங்கள் இருவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர்கள் இருந்தன. நாங்கள் அவற்றைப் பயன்படுத்தவில்லை. அவருக்கு நான் 'டிரைவரே', எனக்கு அவர் 'கண்டக்டரே'. என் மகள் கல்யாணத்துக்கு வந்தபோதும் பந்தியில் உட்கார்ந்துகொண்டு "டிரைவரே, ரசம் வரல" என்றுதான் கூப்பிட்டார். நான் படவேட்டுப் பக்கம் கரும்புக் கொல்லையில் வளர்ந்தவன். அவர் மலைக்காரர், சாமையும் புளியும் விளைவிக்கிற குடும்பம். ஏறுகிற ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருடைய ஆடு எந்தக் கொல்லையில் மேய்ந்து வம்பானது, எல்லாம் தெரியும். டிக்கெட் கிழித்தபடி பேசுவார், சில்லறை கொடுத்தபடி பேசுவார். விசில் வாயில் இருக்கும்போது மட்டும்தான் பேருந்துக்கு ஓய்வு.

ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் எடுக்க வேண்டும். இது எல்லாக் கண்டக்டருக்கும் பொது. இவருடையதில் கடைசியில் ஒரு சின்ன வளைப்பு இருக்கும், கேள்வி கேட்பதைப்போல மேலே ஏறி நிற்கும். பேருந்து கீழ் வளைவில் வரும்போதே மேலே நிற்கிறவர்களுக்கு அந்த வளைப்பு கேட்டுவிடும், மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தயாராகிவிடுவார்கள். அவருக்கு அதில் பெருமை உண்டு. இடைவேளையில் டீக்கடையில் விசிலைக் கழற்றி, தன் காக்கிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருப்பார். மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை கவனிப்பு இருக்காது என்று நான் கிண்டல் செய்வேன்.

அந்தப் பழைய வண்டிகளில் என்ஜின் மூடி டிரைவரின் இடது முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். மலை ஏறும்போது முதல் கியரில் அது போடும் கூச்சல் முழுவதும் இடது காதுக்குத்தான். ஒரு கோடையில், வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்த பிறகும் என் காதில் ஏதோ ஓய்யென்று கத்திக்கொண்டிருந்தது. மலை ஏறினால் காது அடைப்பது சகஜம். எச்சில் விழுங்கினால் விட்டுவிடும். விழுங்கினேன். கொட்டாவி விட்டேன். மூக்கைப் பிடித்து ஊதினேன். அது விடவில்லை. வீட்டுக்கு வந்தால் வீட்டில் கத்தியது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியது. மெல்லிய, நீண்ட, ஒரே விசில்; சில நேரம் திடீரென்று ஓங்கி ஒலிக்கும்.

விபரீதம் அந்த 'விசில்' என்ற சொல்லில்தான் இருந்தது. ஒருநாள் காலைப் பயணத்தில், புளியமரங்கள் நிற்கும் ஒரு வளைவில் விசில் கேட்டு வண்டியை நிறுத்தினேன். யாரும் இறங்கவில்லை. யாரும் ஏறவில்லை. பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "இன்னா டிரைவரே, எறங்கணுமா?" என்று சுண்டுவிரலைக் காட்டிக் கேட்டார். வண்டியே சிரித்தது. நீங்கள்தானே விசில் அடித்தீர்கள் என்றேன். அவர் தன் கழுத்தைப் பார்த்தார். விசில் சட்டைப் பைக்குள் இருந்தது. இப்படிப் பல தடவை நடந்தது. வெட்டவெளியில் நிறுத்துவேன், பின்னாலிருந்து சிரிப்பு வரும். அவமானம் தாங்காமல், இனி சந்தேகமாக ஏதாவது கேட்டால் நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தேன். அதற்கடுத்த வாரம் அவர் உண்மையாகவே அடித்த விசிலை என் காது விசில் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போனேன். கைக்குழந்தையும் அரிசி மூட்டையுமாக ஒரு பெண், தன் ஊரைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தாள். மறுநாள் அவள் ஏறும்போது சண்டைக்குத்தான் வருவாள் என்று நினைத்தேன். "நேத்து இன்னா டிரைவரே, எங்க வூட்ட மறந்துட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று மாலையே, காதில் விசில் கேட்பதைக் கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன். மலை வண்டியை விட்டுவிடப் போகிறேன், டிப்போவில் கேட் பார்க்கிற வேலை கேட்கப் போகிறேன் என்றேன். ஸ்டேரிங்கைப் பிடித்த கையால் கேட்டைத் திறந்து மூடுவதா என்று நினைக்கவே முடியவில்லை. முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று மட்டும் அவர் சொன்னார். அடுத்த நாள் பார்த்தால் அவர் கழுத்தில் விசில் இல்லை. ஆள் இறங்க வேண்டுமென்றால் வண்டித் தகரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு. எடுக்க இரண்டு தட்டு, கூடவே தொண்டை கிழிய 'ரைட்'. மலைக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஆளாளுக்கு விசில் எங்கே என்று கேட்டார்கள். "புளியமர வளைவுல ஒரு கொரங்கு புடுங்கிகினு பூட்ச்சு" என்று எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னார். அந்த வளைவில் குரங்குகள் அதிகம் என்பதால் ஊரே நம்பியது. சில பிள்ளைகள் ஜன்னல் வழியாக, விசில் வைத்திருக்கும் குரங்கைத் தேடிக்கொண்டு வந்தார்கள்.

வேலூரில் காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். வண்டி ஓட்டத் தேவையான அளவு கேட்கிறது, ஓட்டலாம் என்றார். இந்தச் சத்தத்தை எடுத்துப் போடுகிற மருந்து தன்னிடம் இல்லை என்று நேராகவே சொன்னார். அதோடு மல்லுக்கட்டினால் வளரும், கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகினால் மனசு அதை ஓரமாக ஒதுக்கிவிடும், தினமும் கொஞ்ச நேரம் தியானம் செய்யுங்கள் என்றார். பஸ் டிரைவரைப் பார்த்துத் தியானம் செய் என்கிறாரே என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் போளூரில் ஒரு மாடி ஹாலில் நடந்த வகுப்புக்குப் போனேன். எல்லாரும் வெள்ளை உடுப்பில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறியையும் நிறுத்தினார்கள். சொல்லிக்கொடுத்தவர் மென்மையாக, இப்போது அமைதியைக் கவனியுங்கள் என்றார். காது இரைகிறவனுக்கு அமைதியைவிடப் பெரிய இரைச்சல் உலகத்தில் கிடையாது என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. மற்றவர்கள் முகத்தில் சாந்தம் வழிய, என் மண்டைக்குள் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் மலை உச்சியில் வண்டி நிற்கும் இடைவேளையில் இதைச் சொன்னபோது கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, அப்படியானால் இங்கேயே குந்தலாம், இங்கேதான் அமைதியே கிடையாதே என்றார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பலாமரம். அதன் அடியில் துண்டை விரித்து இருவரும் உட்கார்ந்தோம். எப்படித் தியானம் செய்வதென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு மூச்சைக் கவனிக்க வேண்டுமாம், அவ்வளவுதான் எங்கள் ஞானம். முதல் நாட்களில், போகிற வருகிறவர்கள் வண்டி எப்போது எடுக்கும் என்று கேட்பார்கள். கண்டக்டர் மூடிய கண்ணைத் திறக்காமலே பதில் சொல்லி, அவர்கள் வீட்டு நலமும் விசாரிப்பார். இது தியானமா, பஞ்சாயத்தா என்று நான் கோபித்துக்கொள்வேன்.

ஆனால் அந்த இடத்தில் சில்வண்டு இரைந்தது. டீக்கடை அடுப்பு சீறியது. ஆட்டுக் கழுத்து மணி, இலை உரசுவது, தூரத்தில் யாரோ சாமை புடைக்கிற சத்தம். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, என் மூச்சையும் கேட்டு, கடைசியில் காதின் விசிலுக்கு வந்தால், அது அத்தனை கூட்டத்தில் ஒன்றாக நின்றது. முன்னைப்போல முன்சீட்டில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணவில்லை. ஒருநாள் அது அடங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தபோது நான் எழுந்துவிட்டேன். கண்டக்டர் என் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னதை நான் மறக்கவில்லை.

"அதுவும் ஒரு பாசஞ்சர்னு நெனச்சுக்கோங்க டிரைவரே. டிக்கெட்டு வாங்கிகினு ஏறிட்ச்சு. நடுக்காட்டுல எறக்கிவுட முடியுமா? ஒரு மூலையில குந்திகினு வரட்டும். நாம வண்டிய ஓட்டுவோம்."

அதற்குப் பிறகு எனக்குச் சண்டை குறைந்தது. நேரமானதும் அவர் தரையில் இரண்டு தட்டு தட்டி 'ரைட் டிரைவரே' என்பார். நான் எழுந்து வண்டியில் ஏறுவேன். வெயில், மழை, திருவிழாக் கூட்டம் எதிலும் அது தவறியதில்லை. மழைக்காலம் முடிந்த ஒரு நாள் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது, காலையிலிருந்து அந்தச் சத்தத்தை நான் நினைக்கவே இல்லை என்பது திடீரென்று உறைத்தது. நினைத்த மறுகணம் அது வந்து நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாகச் சிரிக்கிற டிரைவரைப் பார்த்து முன்சீட்டுக்காரர்கள் கொஞ்சம் பயந்திருப்பார்கள். கேட் வேலை பற்றி அதன்பின் நாங்கள் பேசவே இல்லை. கண்டக்டர் எனக்கு முன்னால் ஓய்வு பெற்றார். கடைசிப் பயணம் முடிந்து மாலையெல்லாம் கழற்றியபின், சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து என் கையில் வைத்து, "கொரங்கு திருப்பிக் குட்த்துச்சு" என்றார். வாங்கி இந்த ஆணியில் மாட்டினேன்.

போன மாதம் அவரைப் பார்க்க மலைக்குப் போனேன், பயணியாக, ஜன்னலோர சீட்டில். அவர் வீட்டு முற்றத்தில் புளி காய்ந்துகொண்டிருந்தது. பாசஞ்சர் எப்படி இருக்கார் என்று வழக்கம்போலக் கேட்டார். இருக்கார், இறங்குகிற மாதிரித் தெரியவில்லை என்றேன். பேசிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி பின்னாலிருந்து கூப்பிட்டார், அவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டும் திரும்பவில்லை. அந்த அம்மாள் அலுத்துக்கொண்டு என்னிடம், "அந்தப் பக்கம் கேக்காதுண்ணே. எப்பவும் காதுல கூவுதாம். வேலையில சேந்த கொஞ்ச வருசத்துலருந்தே இப்படித்தான்" என்றார். நான் கண்டக்டரைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டவர்போலச் சிரித்தார். அத்தனை வருடம் அந்த விசிலை ஊதியதில் அவர் காது எனக்கு முன்பே போயிருந்தது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"ரெண்டு பேரு காதுலயும் விசில் அடிக்குதுன்னா, வண்டிய யாரு நிறுத்தறது, யாரு எடுக்கறது?" என்றார். "ஒருத்தனுக்காவது நல்லா கேக்குதுன்னு நெனச்சாத்தான் நீங்க ஸ்டேரிங்க புடிப்பீங்க."

பலாமரத்தடியில் அவரும் தனக்காகத்தான் உட்கார்ந்திருந்தார் என்பது புரிந்தது; அதில் எனக்குச் சந்தோஷம்தான். இன்னொன்று புரிந்தபோதுதான் கண் கலங்கிவிட்டது. தன் காது இரைந்த வருடங்களில் எல்லாம் அவர் விசிலைக் கழற்றவில்லை. அது அவர் பெருமை, ஊதிக்கொண்டேதான் இருந்தார். என் காது இரைகிறது என்று நான் சொன்ன மறுநாளே கழற்றிவிட்டார்.

கிளம்புவதற்கு முன், கொஞ்ச நேரம் குந்தலாமா என்று நானே கேட்டேன். புளி காயும் வாசனையில் இருவரும் கண்ணை மூடி உட்கார்ந்தோம், அவர் பாசஞ்சரும் என் பாசஞ்சருமாக நாலு பேர். எப்போதும் அவர்தான் நேரம் பார்ப்பார். இந்த முறை நான் அவருடைய நல்ல காதுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தேன். நேரமானதும் தரையில் இரண்டு தட்டு தட்டி, "ரைட் கண்டக்டரே" என்றேன்.

இப்போதும் தினம் காலையில் அந்த ஆணிக்குக் கீழே பாய் போட்டு உட்காருகிறேன். காதில் ஒற்றை விசில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் கடைசியில் மேலே ஏறி நிற்கிற அந்த வளைப்பு மட்டும் இருக்காது. அது இல்லை என்பதைக் கவனித்திருந்தால் அன்றைக்கு நான் ஏமாந்திருக்கவே மாட்டேன். முடிந்ததும் பாயில் இரண்டு தட்டு தட்டுவேன். சமையலறையில் என் மனைவி அதைக் கேட்டுத்தான் பாலை அடுப்பில் வைப்பாள்.