சங்குக்கு உயிரில்லை என்று அக்கா சொன்ன நாள்

அக்காவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே! நல்லதை மட்டும் எழுது என்று வீட்டில் சொன்னார்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அது அக்கா விட்ட ஒரு பிழையில் இருந்து தொடங்குகிறது.

அக்கா அரிப்பு என்ற கரையோர ஊரில், கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். யுத்தத்தில் முகாம் முகாமாக அலைந்த காலத்திலும் படிப்பை விடவில்லை. அப்பா காலமான பிறகு எங்களை ஆளாக்கியவரும் அவரே. தனக்கென்று ஒரு குடும்பம் வேண்டுமென்று அவர் கேட்கவில்லை; நாங்களும் வெட்கமில்லாமல் அதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டோம். ஆசிரியை நியமனம் கிடைத்ததும் எங்கள் கரையிலேயே முதலாம் வகுப்புக்குப் படிப்பித்தார்.

ஒருநாள் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், உயிருள்ளவற்றையும் உயிரற்றவற்றையும் பிரித்துக் காட்டச் சொன்னார். கல், சிப்பி, சங்கு, போத்தல் மூடி எல்லாம் உயிரற்றவை என்று தன் வாயாலேயே சொல்லிக்கொடுத்தார். உள்ளே நத்தை இருக்கிற சங்கை எங்கள் கரைப் பிள்ளைகள் பார்த்தவுடன் அறிவார்கள், தொடமாட்டார்கள். அதைச் சொல்லித்தர வேண்டுமென்று அக்காவுக்குத் தோன்றவே இல்லை. கவிதா என்ற சிறுமியின் குடும்பம் மலையகத்தில் இருந்து வந்து குடியேறியது. அவள் கடலைக் கண்டே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

பள்ளி விட்ட பிறகு மீனவர் வீட்டுச் சிறுமி ஒருத்தி வந்து, குத்துகிற சங்கைக் கவிதா பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள் என்றாள். கூம்பு வடிவில், அழகான வரிகளோடு இருக்கும் சங்கு அது. உள்ளே இருக்கும் நத்தையின் நஞ்சு பெரிய ஆளையே சாய்த்துவிடும். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்டார்.

"நீங்கள்தானே டீச்சர், சங்குக்கு உயிரில்லை எண்டு சொன்னனீங்கள்."

நான் அப்போது ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஏறியதும் கவிதா குடும்பம் இருந்த குடியேற்றத்துக்கு விடச் சொன்னார். வழி முழுக்கக் குழி. நான் செபமாலையைத் தேடினேன், அதுவும் அன்றைக்குப் பார்த்து வீட்டில்.

தாய் கூலி வேலைக்குப் போயிருந்தார். கவிதா வாசலில் உட்கார்ந்து, சங்கைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்தப் போனேன். அக்கா என் கையை அழுத்தினார். பயந்தால் பிள்ளை இறுக்கிப் பிடித்துவிடும்.

"பிள்ளை, அதை மெல்லமா மண்ணில வையுங்கோ."

"இதுக்கு உயிர் இல்லதானே டீச்சர்?"

"நான் சொன்னது பிழை. வையுங்கோ."

வைத்தாள். அக்கா ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, சங்கின் வாயில் இருந்து நத்தையின் மெல்லிய குழாய் வெளியே நீண்டது. நான் வாசலில் கிடந்த வாளியைக் கவிழ்த்து அதை மூடினேன்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை, வாருங்கள் போவோம் என்றேன். அக்கா கேட்கவில்லை. தாய் வேலையால் வரும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னார். அந்தத் தாய் ஏசியிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்னா அவ நம்பிருவா டீச்சர். அதான் எனக்குப் பயமா இருக்கு."

இரண்டு வாரம் கவிதா பள்ளிக்கு வரவில்லை. அக்கா ஒவ்வொரு பின்னேரமும் போய்ப் பேசி, அவளைத் திரும்பக் கூட்டிவந்தார். அதன் பிறகு பிள்ளைகள் எதைக் கேட்டாலும், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்வார். சக ஆசிரியர்கள் பகிடி பண்ணினார்கள், அவர் மாறவில்லை.

போன வருடம் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், நாங்கள் கூடிப் பேசி அவரிடம் மறைத்தோம். வயிற்றுப்புண், மாறிவிடும் என்றோம். அவரும் தலையாட்டினார். யாராவது உளறிவிடுவார்களோ என்று வீடே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. கடைசி வாரம் கவிதா, இப்போது வளர்ந்த பிள்ளை, தாயோடு பார்க்க வந்தாள். நாங்கள் தடுக்க முன்னமே கேட்டுவிட்டாள்.

"டீச்சர், உங்களுக்குச் சுகமாகிருமா?"

"இல்லைப் பிள்ளை. நான் இனி எழும்பமாட்டன்."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எல்லாம் தெரிந்தும், இவ்வளவு நாளும் எங்களுக்காகத்தான் அவர் தலையாட்டியிருக்கிறார்.

வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், நற்கருணையோடு வந்த பங்குத்தந்தைக்கும், இறுதிநாளில் வள்ளம் இறக்காமல் எங்களோடு நின்ற அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கும் நன்றி. அவளால்தான் கடைசி ஐந்து நாளும் நாங்கள் அக்காவின் முன்னால் வாய்விட்டு அழ முடிந்தது.

— தம்பி